வேலுக்குப் பத்து ஆள்

புளியங்கொட்டையைத் தரையில தேய்ச்சு ஒரு பக்கத்தை வெள்ளையாக்கினவங்க நம்மில எத்தனை பேர் மிச்சம் இருக்கோம்னு தெரியலை. தேய்க்கத் தேய்க்கச் சூடு ஏறும். அந்தச் சூட்டைப் பக்கத்துல இருக்கிறவன் தொடையில வெச்சு இழுத்திருப்பீங்க. அப்படி இழுத்தவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும். இழுக்காதவங்களும் படிக்கலாம். கஷ்டமான விஷயம் இல்லை.

நான் அஞ்சாவதோட நின்னவ. அதிகமா எழுத வராது. ஒரு வருஷம் ஆடியில ஆரம்பிச்சு ஐப்பசி மழை வரைக்கும் ஓடின ஒரு விளையாட்டைப் பத்தி மட்டும் எழுதறேன்.

திருத்தணியில எங்க வீடு மலையடிவாரத்துல, குளத்துக்குப் பின்னால இருக்கிற தெருவுல. அந்தத் தெருவுல எங்க வீடு ஒண்ணுதான் வேதக்கார வீடு, சர்ச்சுக்குப் போற வீடு. நைனா ரயில்வேயில கேங்க்மேன். தண்டவாளத்தைச் சுத்தியலால தட்டிக்கினே அரக்கோணம் பக்கமா பாதி தூரம் நடப்பாரு. சத்தத்தை வெச்சே எது லூசுன்னு சொல்லிடுவாரு. மனுஷங்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாரு. எதையும் நம்பாத குணம் எனக்கு அவர்கிட்டேர்ந்து வந்தது. அண்ணனுக்கு வரலை. அவன் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்.

ஆடிக் கிருத்திகை முடிஞ்ச மறுநாள் ஊரு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். காவடிக் கூட்டம் போயிருக்கும். குளத்தங்கரையில சந்தனமும் சேறும் மிதிபட்டுக் குழம்பாக் கிடக்கும். நடந்தா மொட்டை போட்ட மயிர் காலில ஒட்டிக்கும். பசங்க அதுக்குள்ள விரலை விட்டுத் துழாவுவாங்க. சலங்கை மணி, மயில் தோகைத் துண்டு, ஊக்கு, சோடா மூடி. சோடா மூடிக்குள்ள வட்டமா கார்க்கு இருக்கும். அதை நெம்பி எடுத்துச் சட்டைக்கு உள்பக்கம் வெச்சு, வெளிய மூடியை அமுக்கினா மெடல் மாதிரி ஒட்டிக்கும். அந்தக் கார்க்கு மூடியை நான் கண்ணால பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

அந்த வருஷம் பூக்காரம்மா மகனுக்கு ஒரு வேல் கிடைச்சது. அலகு குத்தற வேல். சுண்டுவிரல் நீளம், பித்தளை. எந்தக் காவடிக்காரர் உடம்புலேர்ந்து விழுந்ததோ. உண்டியல்ல போடுன்னு அம்மா சொல்லிடுவாங்கன்னு அவன் ரெண்டு நாள் ஒளிச்சு வெச்சான். பூக்காரம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா போடச் சொல்லலை.

"முருகனே புள்ளைதான். புள்ளைங்களோட இருக்கட்டும். கீழ மேல போடாதீங்க"ன்னாங்க.

வேலுக்குக் குங்குமம் வெச்சாங்க. ஆட்டம் இருக்கிற நாள்ல ஒரு கண்ணி மல்லி கிள்ளிக் குடுப்பாங்க. மத்த நாள்ல வேல் ஒரு தீப்பெட்டிக்குள்ள பஞ்சு மேல படுத்திருக்கும்.

ஆட்டத்துக்குப் பேரு பட்டாளம். நாங்க ஆடின இடம் ஒரு சத்திரத்தோட பின்கட்டுக் கூடம். ஜனம் வராத மாசத்துல காவக்காரர் அதைத் திறந்துவிடுவாரு. அவருக்குப் பிள்ளைங்க மேல பிரியம்னு தெருவுல சொல்லிக்குவாங்க. எனக்கு அந்த எண்ணம் இல்லை. வௌவால் புழுக்கையை நாங்கதான் கூட்டித் தள்ளணும். அதுக்குத்தான் திறந்துவிட்டாரு.

கூடத்துத் தரை கருங்கல் பலகை. உச்சி வெயில்லயும் ஜில்லுன்னு இருக்கும். அகலத்துல எட்டு கல்லு, நீளத்துல பதினொண்ணு. ஒரு கல்லு ஒரு கட்டம். ரெண்டு ஓரத்துலயும் தூண் வரிசை, அங்க வழி குறுகல். ஒரு பக்கத்துக்கு நாப்பது புளியங்கொட்டை, அதுதான் பட்டாளம். எதிராளி கொட்டைக்குச் சுண்ணாம்புப் பொட்டு வெப்போம். ஒரு கட்டத்துல அஞ்சு பேர் நிக்கலாம். ஒரு முறைக்கு ஒரு கட்டம் நகரலாம். எதிரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்துட்டா சண்டை. ஆளுக்கு ஒரு தேய்ச்ச கொட்டை வீசணும். வெள்ளை விழுந்தா எதிரியில ஒருத்தன் காலி. கறுப்பு விழுந்தா ஒண்ணும் இல்லை. யாரோட ஆள் முதல்ல எதிர்ச் சுவரைத் தொடறானோ அவங்களுக்கு ஜெயிப்பு.

சாமான் வேணும்னா ஆளைக் குடுத்து வாங்கணும். சோடா மூடிக்கு ரெண்டு ஆள். அந்த ரெண்டு பேரும் டப்பாவுக்குள்ள போயிடுவாங்க, ஆட்டத்துக்கு வரமாட்டாங்க. மூடி போட்டவனை ரெண்டு தடவை கொல்லணும். வேலுக்குப் பத்து ஆள். வேல் வெச்சவன் கொட்டை வீச வேணாம், முறைக்கு ஒரு எதிரி நிச்சயம் காலி. ஆனா அவனும் ஆள்தான். எதிரிக்கு வெள்ளை விழுந்தா அவனும் சாவான்.

"பத்துன்னு யார் வெச்சது?"ன்னு கேட்டேன்.

"பின்ன? சாமி வேலு. மூடி மாதிரி ரெண்டு வெப்பாங்களா?"ன்னான் பூக்காரம்மா மகன். எங்க தெருவுக்கு அவன்தான் தலைவன். வயசு பதிமூணு.

எனக்குப் பதினொண்ணு. அண்ணன் என்னைக் கூட்டிக்கினு போகலைன்னா அம்மா அவனை வெளிய விடமாட்டாங்க. அப்படித்தான் நான் கூடத்துக்குள்ள நுழைஞ்சேன். ஆனா கொட்டை எண்ணறதுல எனக்குத் தப்பு வராது. எத்தனை செத்தது, எத்தனை மிச்சம், டப்பாவுல எத்தனை, எல்லாம் தலையில நிக்கும். மெல்ல மெல்ல என்னைக் கேட்டுத்தான் ஆள் வெச்சாங்க. வீட்டுல நான் பாத்திரம் தேய்க்கிறவ. பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சு. அந்தக் கூடத்துல மட்டும்தான் என்னைப் பார்த்து, "இன்னா பண்ணலாம், சொல்லு"ன்னு கேட்டாங்க. அதுக்காக நான் எதையும் செஞ்சிருப்பேன்.

முதல்ல எனக்குச் சந்தேகம் வந்தது மூடி மேல.

"இந்த மூடி ஏமாத்து"ன்னேன்.

"எவன் ஏமாத்தினான்?"ன்னு எங்க தெருத் தையக்காரர் மகன் எகிறினான்.

"எவனும் இல்லை. மூடிதான். ரெண்டு பேரை டப்பாவுல போடறோம். ரெண்டு உயிர் போச்சு. மூடி எத்தனை உயிர் குடுக்குது?"

விரலை மடக்கிப் பார்த்தாங்க. ஒண்ணு.

"ஆனா பளபளன்னு கீது பாரு"ன்னான் அண்ணன்.

பளபளன்னு இருந்ததாலதான் அத்தனை நாள் வாங்கினோம். அன்னியிலேர்ந்து மூடி வாங்கறதை விட்டோம். யாருக்கும் வருத்தம் இல்லை. மூடியை மெடலா குத்திக்கினாங்க.

வேல் விஷயம் அப்படி முடியலை.

அரக்கோணத்துலேர்ந்து ரயில்வே குடியிருப்புப் பசங்க ஞாயித்துக்கிழமை பாசஞ்சர்ல வருவாங்க. அவங்க தலைவன் பூக்காரம்மாவோட அண்ணன் மகன். எங்க தலைவன் அவனைப் பாவான்னு கூப்பிடுவான், அதனால நாங்க எல்லாரும் பாவான்னோம். மீசை அரும்பின பையன். சிரிச்சுக்கினே கொட்டை வீசுவான். அவங்க சாமான் எதுவும் வாங்கமாட்டாங்க, நாப்பதும் வெறும் ஆள்தான். ஆவணியில ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டு தடவையும் வேலை நடுவுல வெச்சு நாங்க ஜெயிச்சோம். பசங்க தீப்பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிக்கினு தெருவைச் சுத்தினாங்க.

நான் சுத்தலை. எண்ணிப் பார்த்துக்கினு இருந்தேன்.

"முதல் ஆட்டத்துல வேல் எத்தனை பேரைக் கொன்னுச்சு தெரியுமா?"ன்னு தலைவனைக் கேட்டேன்.

"எத்தனை?"

"ஒருத்தனை. ரெண்டாவது ஆட்டத்துல ஒருத்தனையும் இல்லை. பத்து ஆள் குடுத்து வாங்கினது, சும்மா நின்னுச்சு."

"ஜெயிச்சோம் இல்ல?"

"தூண்கிட்ட நின்ன நம்ம ஆளுங்க ஜெயிச்சாங்க. அரக்கோணத்தானுங்க ரெண்டு ஓரத்துலயும் வந்து மாட்டிக்கினாங்க. வேல் இன்னா பண்ணுச்சு? அந்தப் பத்து பேர் இருந்திருந்தா முறைக்கு அஞ்சு பேரைச் சாய்ச்சிருப்பாங்க."

"டப்பாவுல இருக்கிறவன் எப்படிடி சாய்ப்பான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். டப்பாவுல எதுக்கு இருக்கணும்?"

அவன் யோசிச்சான். யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கிள்ளிக்குவான். அதுக்குள்ள தையக்காரர் மகன் வாயைத் திறந்தான்.

"இவ வேதக்காரி இல்ல? வேலுன்னா ஆகலை இவளுக்கு. அதான் இந்தக் கணக்கு."

அண்ணன் தூணைப் பார்த்துக்கினு நின்னான். அவனும் வேதக்காரன்தான்.

எனக்குக் கோபம் வரலை. அப்படியும் இருக்குமோன்னு ஒரு சந்தேகம்தான் வந்தது. என் மனசையே எனக்கு நம்பத் தோணலை. அதனால சோதிச்சுப் பார்க்கலாம்னு முடிவு பண்ணினேன்.

"வேலை மூணு நாள் குடு. வீட்டுல வெச்சு ஆடிப் பார்க்கறேன்."

"உங்க வீட்டுக்கெல்லாம் அது வராது"ன்னான் தலைவன். கெட்ட எண்ணத்துல சொல்லலை. பூனை தண்ணியில இறங்காதுன்னு சொல்ற மாதிரி சொன்னான்.

சரின்னு நைனா பையிலேர்ந்து ஒரு மூணு அங்குல ஆணி எடுத்தேன். களிமண் உருண்டையில குத்தி நிறுத்தினேன். ஆணிதான் வேல். பின்னறை சிமெண்டுத் தரையில கரித்துண்டால கட்டம் போட்டேன். அண்ணனை எதிரே உட்கார வெச்சேன். அம்மா பக்கத்துல மிளகாய் வறுத்துக்கினு இருந்தாங்க, ரெண்டு பேரும் தும்மிக்கினே ஆடினோம். ஒருத்தருக்கு முப்பது ஆளும் ஆணியும். இன்னொருத்தருக்கு நாப்பது ஆள். மாத்தி மாத்தி உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுவத்துல ஒரு கரிக்கோடு. இருவது ஆட்டம். ஆணி ஜெயிச்சது மூணு.

கடைசி ஆட்டத்துல நைனா வந்துட்டாரு. அன்னிக்கு ஏன் சீக்கிரம் வந்தாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. யாரோ சொல்லி அனுப்பியிருக்கணும்.

வாசப்படியிலயே நின்னு பார்த்தாரு. நடுவுல களிமண் மேடை. அதுமேல நட்டு வெச்ச ஆணி. சுத்தி வரிசையா புளியங்கொட்டை. சுவத்துல கோடு கோடா. முன்னால சப்பணம் போட்டு நான்.

"இன்னா இது?"

"ஆணி நைனா."

"ஆணின்னு தெரியுது. எதுக்கு நிக்குது?"

அண்ணன் ஏற்கெனவே பின்பக்கமா ஓடிட்டான். எனக்குப் பொய் சட்டுனு வராது.

"வேலுக்குப் பதிலா."

ஒரே அறை. காது கூவிச்சு. நைனா சத்தம் போடலை, அவர் சத்தம் போடறவர் இல்லை. களிமண்ணைக் காலால தள்ளினாரு. ஆணியைத் துடைச்சுப் பையில போட்டுக்கினாரு. அம்மாகிட்ட, "ஊரு தண்ணி புள்ளைக்குள்ள இறங்கிடுச்சு"ன்னாரு.

இப்போ நினைச்சா எனக்குச் சிரிப்புதான் வருது. தெருவுல நான் வேலுக்கு ஆகாதவ. வீட்டுல நான் ஆணியை வேலுன்னு கும்பிடறவ. ரெண்டு பக்கமும் நல்ல மனுஷங்கதான். ரெண்டு பக்கமும் தப்பா தட்டிப் பார்த்தாங்க. நான் ரெண்டும் இல்லை. பத்து ஆள் குடுக்கலாமா வேணாமான்னு மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் வீங்கின கன்னத்தோட கூடத்துக்குப் போனேன். வேற ஒரு ஆணி கொண்டு போனேன்.

"இருவதுல மூணு"ன்னேன் தலைவன்கிட்ட.

"நம்பமாட்டேன். உங்க அண்ணன் தோத்துக் குடுத்திருப்பான்."

"அப்ப நீ ஆடு. ஆணியை நீ வெச்சுக்கோ. கொட்டையும் நீயே தேய்."

தேய்ச்சான். அரை மணி நேரம் தேய்ச்சான். என் கொட்டையை வாங்கி மோந்து பார்த்தான், நக்கிப் பார்த்தான். ஒரு பக்கம் கனமா இருக்குதான்னு உள்ளங்கையில ஆட்டினான். அப்புறம் ஆடினோம். அவன் ஆணியை நடுவுல நிறுத்தினான். என் ஆளுங்க நேரா போய், சண்டை பிடிச்ச ரெண்டாவது முறையில ஆணியைச் சாய்ச்சாங்க. மூணு ஆட்டம் ஆடினான். மூணும் தோத்தான்.

தீப்பெட்டியைத் திறந்து வேலைப் பார்த்தான். மூடினான். உதட்டைக் கிள்ளிக்கினான்.

"புரட்டாசியில பாவா வர்றான்."

"ஆங்."

"வேல் இல்லாம ஆடலாங்கிறே?"

"நாப்பது ஆளோட ஆடலாங்கிறேன்."

"தோத்துட்டா?"

தையக்காரர் மகன் சொன்னான்: "தோத்துட்டா இவ கூடத்துக்கு வரக்கூடாது. பொட்டப் புள்ளைக்கு இன்னா பட்டாளம்?"

தலைவன் என்னைப் பார்த்தான். சரின்னேன். வேற என்ன சொல்றது? இருவதுல மூணு.

பாவா வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட, கவுனைக்கூட மாத்தாம ஓடினேன். பாசஞ்சர் வந்திருந்தது. அரக்கோணத்துப் பசங்க கால் கழுவிக்கினு கூடத்துக்குள்ள வந்தாங்க. பாவா சுத்திப் பார்த்தான்.

"பூ எங்கடா? வாசனையே காணோம்."

"இன்னிக்கு வேல் இல்லை பாவா"ன்னான் எங்க தலைவன்.

"ஏன், உண்டியல்ல போட்டுட்டாங்களா அத்தை?"

"வாங்கலை. நாப்பதும் ஆள்."

பாவா அவன் ஆளுங்களைப் பார்த்தான். ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கினாங்க. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கலை. என்னமோ ஒண்ணு அவங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலைன்னு பட்டது. டப்பாவை எட்டிப் பார்த்தேன், எங்க ஆளு யாரும் உள்ள இல்லை. நாப்பதும் வெளிய. எண்ணிக்கை சரி. கொட்டையை மாத்திட்டானுங்களோன்னு அவங்க கையைப் பார்த்தேன். அதுவும் சரியாத்தான் இருந்தது.

ஆள் வெச்சோம். எப்பவும் வைக்கிற மாதிரியே வெச்சோம். இந்தத் தூண் பக்கம் இருவது, அந்தத் தூண் பக்கம் பதினஞ்சு, நடுவுல அஞ்சு. வைக்கும்போது என் கையும் அதுல இருந்தது. வேல் வாங்காததுல மிஞ்சின பத்து பேரையும் தூண் ஓரமாத்தான் சேர்த்தேன். நடுவுல ஆள் வேணும்னு யாருக்கும் தோணலை. நடுவுல எந்நாளும் சண்டை நடந்ததில்லையே.

மூணு முறை அவங்க மெல்ல வந்தாங்க. நாலாவது முறை பாவா அவனோட பட்டாளம் மொத்தத்தையும் நடுவுக்குத் திருப்பினான்.

அவங்கள்ல ஒரு குட்டிப் பையன், ஏழு வயசு இருக்கும், கொட்டையை நகர்த்திக்கினே கத்தினான்:

"ஏய் பாவா, இன்னிக்குக் கன்னத்துல போட்டுக்க வேணாம் இல்ல?"

"வேணாம்டா, போ, நேரா போ"ன்னு பாவா சிரிச்சான்.

எனக்கு அப்பதான் விளங்கிச்சு. கொட்டை என் கையில அப்படியே நின்னுச்சு.

ஆவணியில ரெண்டு ஆட்டத்துலயும் அவங்க வேல் இருந்த கட்டத்துப் பக்கமே வரலை. குங்குமம் வெச்சு, பூ வெச்சு நிக்கிற வேல் மேல எவன் கொட்டை வீசுவான்? வீசி வெள்ளை விழுந்துட்டா? வேலைச் சாய்ச்சவன்னு ஊருக்குத் திரும்பிப் போவானா? தூரத்துலயே கன்னத்துல போட்டுக்கினு, சுத்தி, ஓரமா போனாங்க. ஓரத்துல தூண் இடுக்குல எங்ககிட்ட மாட்டிக்கினாங்க. அவங்க கன்னத்துல போட்டுக்கினதை நானும்தான் பார்த்தேன். ஆனா அது எனக்கு ஒரு விஷயமாவே படலை. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லை. எங்க தெருப் பசங்களுக்கும் படலை. அவங்களுக்கு அது மூச்சு விடற மாதிரி, அதைப் போய் யார் எண்ணுவாங்க?

வேல் ஒருத்தனைத்தான் கொன்னுச்சுன்னு எண்ணினேன். எத்தனை பேரை வரவிடாம நிறுத்திச்சுன்னு எண்ணலை. அப்புறம் ஆணியை வெச்சுச் சோதிச்சேன். இருவது ஆட்டம் சோதிச்சேன். ஆணியைப் பார்த்து யார் கன்னத்துல போட்டுக்குவாங்க?

நடுவுல இருந்த அஞ்சு பேரும் ரெண்டு முறையில போனாங்க. தூண்கிட்ட நின்னவங்க திரும்பி வர்றதுக்குள்ள அந்தக் குட்டிப் பையன் எங்க சுவத்தைத் தொட்டுட்டான். கொட்டையைச் சுவத்துல டக்குனு தட்டினான். அவங்க கூச்சல்ல வௌவால் எல்லாம் கலைஞ்சு பறந்துச்சு.

எங்க பட்டாளத்துல முப்பத்தஞ்சு பேர் உயிரோட நின்னாங்க, ஓரமா, ஒண்ணுக்கும் உதவாம. அதை நான் எண்ணினேன். பழக்கம்.

தையக்காரர் மகன் வாசலைக் காட்டினான். தலைவன் உதட்டைக் கிள்ளிக்கினு தரையைப் பார்த்தான். அண்ணன் வழக்கம்போல தூணைப் பார்த்தான். நானே எழுந்து வந்துட்டேன். பேச்சு பேச்சுதான். கவுன்ல ஒட்டியிருந்த தூசைத் தட்டிக்கினே வந்தேன். அழலை. அழுதா தோத்ததுக்கு அழறான்னு நினைப்பாங்க.

அதுக்கப்புறம் கூடத்துப் பக்கம் போகலை. சாயங்காலத்துல பாத்திரம் தேய்ச்சேன். சாம்பலைக் குறைச்சுப் போட்டா நிறைய நேரம் ஆகும், அதனால குறைச்சுப் போட்டேன். கூடத்துலேர்ந்து கூச்சல் கேட்கும். யார் ஜெயிக்கிறாங்கன்னு சத்தத்தை வெச்சே தெரியும். கை பாட்டுக்குத் தேய்க்கும்.

குழாயடியில பூக்காரம்மா என்னைப் பார்த்துச் சொன்னாங்க, பாவமா பார்த்துத்தான் சொன்னாங்க: "வேலை வேணாம்னு சொல்லலாமாடி கண்ணு? பாரு, உன்னையே வெளிய தள்ளிடுச்சு. வெள்ளிக்கிழமை மலைக்கு வா, மன்னிப்பு கேட்டுக்கலாம்."

நான் குடத்தைத் தூக்கிக்கினு வந்துட்டேன்.

நைனாவுக்கு வேற மாதிரி பட்டுச்சு. நான் கூடத்துக்குப் போறதில்லைன்னு ஒரு வாரம் கவனிச்சிருக்காரு. அம்மாவைக் கேட்டிருக்காரு, அண்ணனைக் கேட்டிருக்காரு. அவன் தலையாட்டியிருப்பான். சாயங்கால ஜெபத்துல எல்லாரும் முட்டி போட்டிருந்தோம். நைனா கண்ணை மூடிக்கினு, "எங்க புள்ளையை மனந்திருப்பினதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே"ன்னாரு. குரல் உடைஞ்சிடுச்சு. நைனா குரல் உடைஞ்சு நான் அதுக்கு முன்னால கேட்டதில்லை. மறுநாள் ஸ்டேஷன்லேர்ந்து எனக்கு மட்டும் ரெண்டு பன்னு வாங்கிக்கினு வந்தாரு. அறைஞ்ச கன்னத்தை ஒரு விரலால தொட்டுப் பார்த்தாரு. அவருக்கு நிஜத்தைச் சொல்லணும்னு தோணிச்சு. சொன்னா பன்னு போகும்னு பயம் இல்லை. அந்த முகம் போயிடும். சொல்லலை. பன்னைத் தின்னேன்.

ஐப்பசி மழை பிடிச்சிக்கிச்சு. ஒரு நாள் பின்வாசல்ல பாத்திரம் தேய்ச்சுக்கினு இருந்தேன். கோணியைத் தலையில கவுத்துக்கினு யாரோ வேலிப்பக்கம் நின்னாங்க. பூக்காரம்மா மகன்.

"கண்டிகைப் பசங்க வர்றாங்க. சனிக்கிழமை"ன்னான்.

நான் தேய்ச்சுக்கினே இருந்தேன்.

"வேலுக்கு எத்தனை ஆள் குடுக்கலாம்?"

என்னைச் சீண்ட வந்திருக்கான்னு நினைச்சேன். வேலிக்குப் பின்னால தையக்காரர் மகன் ஒளிஞ்சிருக்கானான்னு எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. மழைதான்.

"உன்னை யார் அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை."

"உங்கம்மாவா? மன்னிப்பு கேக்கச் சொல்லி?"

"இன்னாடி இது, ரோதனை! வேலுக்கு எத்தனை ஆள்னு கேட்டேன். தெரிஞ்சா சொல்லு. ஒருத்தன் பத்துங்கிறான், ஒருத்தன் இருவதுங்கிறான், உங்க அண்ணன் எல்லாத்துக்கும் ஆங்கிறான்."

அவன் முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனியில தண்ணி சொட்டிக்கினு இருந்தது. நிஜமாத்தான் கேட்கறான்.

"எந்தக் கண்டிகைப் பசங்க?"

"கே.ஜி.கண்டிகை. சர்ச் தெரு."

"எல்லாரும் வேதக்காரங்களா?"

"ஆங். ஆறு பேரும்."

"அப்ப வேலைத் தீப்பெட்டியில வை. ஒரு ஆள்கூடக் குடுக்காதே. நேரா வந்து சாய்ப்பாங்க. அவங்களுக்கு அது ஆணி."

அவன் கோணியைச் சரி பண்ணிக்கினான். வேலைச் சாய்ப்பாங்கன்னு கேட்டதுல முகம் ஒரு மாதிரி ஆச்சு. கை தானா கன்னத்துக்குப் போச்சு.

"பாவா வந்தா?"

"பத்துக்கு வாங்கு. பதினஞ்சு கேட்டாலும் குடு. நடுவுல நிறுத்து. பூ மறக்காதே."

வேலிக் கழியைக் கிள்ளினான், அப்புறம் உதட்டைக் கிள்ளினான்.

"சனிக்கிழமை நடுவுல எத்தனை ஆள் நிறுத்தறது?"

"பத்து. ரெண்டு கட்டத்துல அஞ்சஞ்சா."

"எந்த ரெண்டு கட்டம்?"

"சொன்னா உனக்கு மறந்துடும்."

"மறந்துடும்"ன்னான். "அதனாலதான் சொல்றேன், நீயே வந்து வை. தையக்காரர் மகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பதிலுக்கு நிக்காம போயிட்டான். குண்டான்ல மழைத் தண்ணி ரொம்பிக்கினு இருந்தது. சாம்பல் எல்லாம் கரைஞ்சு போச்சு.

அன்னிக்குச் சாயங்கால ஜெபத்துல நைனா மறுபடியும் எனக்காக ஸ்தோத்திரம் பண்ணினாரு. எல்லாரோடயும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

சனிக்கிழமை நைனா டியூட்டிக்குப் போனப்புறம் கூடத்துக்குப் போனேன். நடுவுல ரெண்டு கட்டத்துலயும் அஞ்சஞ்சு ஆளை என் கையால நிறுத்தினேன்.